பாரமகால் கைமாறாமல் இருந்திருந்தால்? அடிக்கடி வரும் கேள்விகளும் பதில்களும்

1790-ல் பூனாவில் இருந்த மராத்தியரும் ஹைதராபாத் நிஜாமும், மைசூரை ஆண்ட திப்புவுக்கு எதிராக ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு கைகோக்காமல் இருந்திருந்தால் மைசூர் என்ன ஆகியிருக்கும், அதோடு நம் கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு மாற்று வரலாறு எழுதி வருகிறேன். படித்துவிட்டுப் பேசுகிறவர்கள், பள்ளி ஆசிரியர்கள், கோட்டை ஏற வரும் பையன்கள் என்று யாராக இருந்தாலும் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்களில்தான் வந்து நிற்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். எது நடந்தது, எது என் கற்பனை என்பதையும் பிரித்தே சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

பாரமகால்னா எந்த ஊருங்க? பேரே கேட்டதில்லையே.

நாம் இருக்கிற ஊர்தான். இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் பெரும்பகுதி, அப்புறம் திருப்பத்தூர், வாணியம்பாடிப் பக்கம், இதெல்லாம் சேர்ந்த நிலத்துக்கு அந்தக் காலத்துப் பெயர் அது. கிருஷ்ணகிரி, ஜெகதேவி, மகாராஜகடை, தட்டக்கல் என்று பன்னிரண்டு மலைக்கோட்டைகளைச் சேர்த்துச் சொல்வார்கள். விஜயநகரக் காலத்தில் ஜெகதேவராயர், பிறகு மைசூர், பிறகு கடப்பை நவாப் என்று கைமாறி, 1760 வாக்கில் திப்புவின் தந்தை ஹைதர் அலியிடம் வந்தது. ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் இதில் சேராது. அவை மலைக்கு மேலே, பாலாகாட் எனப்பட்ட பகுதி. இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மைசூர் என்ற வீட்டுக்கு பாரமகால்தான் திண்ணை. சமவெளியில், வேலூரிலோ ஆற்காட்டிலோ இருந்து ஒரு படை மைசூருக்கு மேலே ஏற வேண்டுமென்றால் இங்கே கால் வைத்துத்தான் ஏற வேண்டும், இல்லாவிட்டால் ஆந்திரப் பக்கம் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மைசூர்ப் படை கீழே இறங்குவதற்கும் இதே வழிதான். 1780 ஜூலையில் ஹைதர் பெரும் படையோடு செங்கம் கணவாய் வழியாக இறங்கியதும் இந்தப் பக்கத்திலிருந்துதான்.

மாற்று வரலாறுன்னா கட்டுக்கதைதானே சார்? இதுல என்ன பிரயோஜனம்?

கட்டுக்கதையில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். இதில் ஒரே ஒரு முடிவைத்தான் மாற்றலாம், அதுவும் அந்த ஆள் நிஜமாகவே எடுத்திருக்கக் கூடிய முடிவாக இருக்க வேண்டும். மழை பெய்ததை மாற்றக் கூடாது, நோயில் செத்தவரைப் பிழைக்கவைக்கக் கூடாது. அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் அவரவர் குணப்படி, அவரவர் லாப நஷ்டப்படி நடந்துகொள்ள வேண்டும். நான் வைத்திருக்கும் விதி இவ்வளவுதான்.

பிரயோஜனம் என்னவென்றால், நடந்தது ஏன் அப்படி நடந்தது என்பது அப்போதுதான் பிடிபடும். பள்ளிக்கூடத்தில் நான்கு மைசூர்ப் போர்களையும் தேதிகளாக மனப்பாடம் செய்தோம். யார் யாரோடு நின்றார்கள் என்று மட்டும் எழுதிப் பாருங்கள். 1767-ல் கம்பெனியும் நிஜாமும் ஒரு பக்கம். பாதியில் நிஜாம் ஹைதரிடம் வந்து, மறுபடியும் கம்பெனியிடமே போனார். 1780-ல் ஹைதர், மராத்தியர், நிஜாம் மூவரும் கம்பெனிக்கு எதிராக. 1790-ல் மராத்தியர், நிஜாம், கம்பெனி மூவரும் திப்புவுக்கு எதிராக. 1799-ல் கம்பெனியோடு நிஜாம். மராத்தியர் வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை. இந்தக் கணக்கை முன்னால் வைத்துக்கொண்டால் போர்களின் முடிவு ஏறக்குறைய தானாகவே தெரிகிறது. மதில், பீரங்கி, வீரம் எல்லாம் அதற்கு அப்புறம்தான் வருகின்றன.

சரி, சரியா எந்த இடத்துல மாத்துறீங்க?

நிஜத்தில் நடந்தது இது. 1789 டிசம்பர் 29-ல் திப்பு திருவிதாங்கூரின் நெடுங்கோட்டை மதிலைத் தாக்கினார். திருவிதாங்கூர் கம்பெனியின் நட்பு நாடு என்று, முந்தைய போரை முடித்த 1784 மங்களூர் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது, ஆகவே கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸுக்குப் போர் தொடுக்கக் காரணம் கிடைத்துவிட்டது. 1790 ஜூன் 1-ல் பூனாவில் மராத்தியரோடு ஒப்பந்தம், ஜூலை 4-ல் நிஜாமோடு ஒப்பந்தம். பிடிக்கிற நிலத்தை மூவரும் பங்குபோட்டுக்கொள்வதாகப் பேச்சு.

என் கதையில், 1790 கோடையில் திப்பு பூனாவுக்கு ஒரு விலை பேசுகிறார். துங்கபத்திரைக்கு வடக்கே தார்வாட் உள்பட தன் கையில் இருக்கும் நிலத்தை மராத்தியரிடமே கொடுத்துவிடுகிறேன், நீங்கள் இந்தச் சண்டையில் யார் பக்கமும் சேர வேண்டாம் என்கிறார். பூனாவில் எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்த நானா பட்னவிஸ் அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார். மாற்றம் இவ்வளவுதான்.

திப்பு அப்படி நிலத்தை விட்டுக்கொடுக்கிற ஆளா? உங்க வசதிக்கு மாத்துற மாதிரி இருக்கே.

மூன்று வருஷம் முன்னால் அவரே செய்தார். 1785 முதல் 1787 வரை மராத்தியரும் நிஜாமும் சேர்ந்து அவரோடு சண்டை போட்டார்கள். களத்தில் திப்புவின் கைதான் ஓங்கியிருந்தது. ஆனாலும் 1787-ல் கஜேந்திரகட் ஒப்பந்தத்தில் பாதாமியை விட்டுக்கொடுத்தார், கப்பப் பாக்கியாக 48 லட்சம் ரூபாய் தரவும் ஒப்புக்கொண்டார். ஜெயித்துக்கொண்டிருந்த ஆள் ஏன் கொடுத்தார்? கம்பெனியோடு மறுபடி சண்டை வரும், அப்போது முதுகுப் பக்கம் அமைதி வேண்டும் என்ற கணக்குதான். அதே கணக்கை 1790-ல் இன்னும் கொஞ்சம் பெரிய விலைக்குப் போட்டிருந்தால் என்பதுதான் என் கேள்வி.

அந்த நிலம் எப்படியும் போகத்தான் போகிறது. 1792 மார்ச் 18-ல் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் அதே துங்கபத்திரை வரையான நிலம் மராத்தியருக்குப் போனது. கூடவே ராஜ்ஜியத்தில் மொத்தமாகப் பாதி, 3 கோடியே 30 லட்சம் ரூபாய், பிணையாக இரண்டு பிள்ளைகள். முதலிலேயே ஒரு மூலையைக் கொடுத்திருந்தால் போதும் என்ற இடத்தில் பாதி ராஜ்ஜியம் போயிற்று. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

பக்கத்து நாட்டுக்காரங்க நம்மாளோட சேராம வெள்ளைக்காரனோட சேர்ந்தது துரோகம்தானே?

இந்தக் கேள்விதான் அதிகமாக வருகிறது, இதில்தான் எனக்கு ஒத்துப்போகவே முடிவதில்லை. 1947-ஐ மனதில் வைத்துக்கொண்டு 1790-ஐப் பார்க்கக் கூடாது. பூனாவில் உட்கார்ந்து பாருங்கள். 1773-ல் மராத்தியரை ஆண்ட பேஷ்வா நாராயணராவ் கொல்லப்பட்டு அங்கே வாரிசுச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, கிருஷ்ணைக்கும் துங்கபத்திரைக்கும் நடுவில் இருந்த அவர்கள் நிலத்தை ஹைதர் வாரிச் சுருட்டிக்கொண்டார். கம்பெனியோ 1779-ல் வட்காவில் அவர்களிடம் மண்டியிட்டு ஒப்பந்தம் எழுதிக்கொடுத்த கூட்டம், கடலோரத்து வியாபாரி. வருஷா வருஷம் எல்லையில் ஏறி வரும் பக்கத்து ராஜ்ஜியமா, தூரத்தில் இருக்கும் வியாபாரியா, யாரைப் பார்த்துப் பயம் வரும்? வளர்கிற ராஜ்ஜியத்துக்கு முதல் எதிரி அதன் பக்கத்து வீட்டுக்காரர்தான். இது மைசூருக்கு மட்டும் நேர்ந்ததல்ல.

கார்ன்வாலிஸ் இந்தப் பயத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர். 1784-ல் பிரிட்டிஷ் பிரதமர் பிட் கொண்டுவந்த சட்டப்படி, இங்கே வலியப் போய்த் தாக்குவதற்குக் கூட்டணி வைக்கக் கூடாது என்று லண்டனில் கையைக் கட்டிவிட்டிருந்தார்கள். அவர் என்ன செய்தார்? 1789 ஜூலையில் நிஜாமுக்கு ஒரு கடிதம் எழுதினார். கம்பெனிப் படையை நீங்கள் கடனாக வாங்கிக்கொள்ளலாம், கம்பெனியின் நண்பர்கள் மேல் மட்டும் ஏவக் கூடாது என்று சொல்லி நண்பர்கள் பெயரை வரிசையாகப் போட்டார். அந்த வரிசையில் திப்பு பெயர் இல்லை. புது ஒப்பந்தம் என்று எதுவும் எழுதவில்லை, ஒரு பெயரை விட்டார், அவ்வளவுதான். நெடுங்கோட்டையைத் திப்பு தொடுவதற்கு ஐந்து மாதம் முன்னாலேயே இந்த வேலை நடந்துவிட்டது.

அப்ப திருவிதாங்கூரைத் தாக்காமலே இருந்திருக்கலாமே? அதை மாத்துனா சுலபமா முடிஞ்சிடுமே?

சுலபம்தான், ஆனால் போர் தள்ளிப்போயிருக்குமே தவிர நின்றிருக்காது. மேலே சொன்ன ஜூலைக் கடிதமே அதற்குச் சாட்சி. கூட்டணி உண்டா இல்லையா என்பதை மாற்றினால்தான் போர் எப்போது வந்தாலும் அதன் முடிவு மாறும்.

மராத்தியர் வரலேன்னா கார்ன்வாலிஸ் தோத்திருப்பாருன்னு எப்படி அடிச்சுச் சொல்றீங்க?

முதலில் 1790-ஐப் பாருங்கள். அந்த வருஷம் கம்பெனியின் பெரிய படை ஜெனரல் மெடோஸ் தலைமையில் கோயம்புத்தூர்ப் பக்கம் போனது. செப்டம்பரில் திப்பு கஜலஹட்டிக் கணவாயில் இறங்கி அந்தப் படையைச் சத்தியமங்கலம் பக்கம் அலைக்கழித்தார். அப்புறம் நம் பக்கம் வந்தார். நவம்பரில் காவேரிப்பட்டணத்துக்கு அருகே இன்னொரு கம்பெனித் தளபதி மேக்ஸ்வெல்லின் படையைச் சுற்றினார். மெடோஸ் தெற்கிலிருந்து ஏறி வந்து சேர்ந்ததும், இரண்டு படைகளும் ஒரே சமயத்தில் தொப்பூர் கணவாயை நோக்கிப் போயின. திப்பு முந்திக்கொண்டு கணவாயைத் தாண்டி தெற்கே திருச்சிப் பக்கம் போய்விட்டார். இன்று லாரிகள் திணறித் திணறி இறங்கும் அதே தொப்பூர்தான். ஒரு வருஷப் போரில் மலபார்க் கரையைத் தவிர கம்பெனிக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் கார்ன்வாலிஸே வந்தார். பாரமகால் வழியாக ஏறவில்லை, வடக்கே முகலிக் கணவாய் வழியாகச் சுற்றிப் போய் 1791 மார்ச் 21-ல் பெங்களூரைப் பிடித்தார். நிஜாமின் குதிரைப்படையும் வந்து சேர்ந்தது. மே 15-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் அரகெரேயில் சண்டை, கம்பெனி ஜெயித்தது. ஆனால் ஜெயித்த படை பட்டினியாக நின்றது. போகிற வழியெல்லாம் தீவனத்தையும் தானியத்தையும் திப்புவின் ஆட்கள் எரித்துவைத்திருந்தார்கள், மழை பிடித்துக்கொண்டது, பீரங்கி இழுக்கும் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. செத்த மாட்டை வெட்டித் தின்கிற நிலைமை. மே 22 வாக்கில் முற்றுகைக்கு என்று அவ்வளவு தூரம் இழுத்து வந்த கனத்த பீரங்கிகளைத் தாங்களே உடைத்துப்போட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள்.

அப்படித் திரும்பும் வழியில்தான், மேல்கோட்டை என்ற ஊர்ப் பக்கம், ஒரு பெரிய குதிரைப்படை எதிரே வந்தது. எதிரியின் படை என்றே முதலில் நினைத்தார்கள். வந்தது ஹரிபந்தும் பரசுராம் பாவும், தார்வாட்டை முடித்துக்கொண்டு வந்த மராத்தியப் படை. அவர்கள் வருகிற சேதியைச் சுமந்து வந்த தூதர்களையெல்லாம் திப்புவின் குதிரைவீரர்கள் வழியிலேயே மறித்துவிட்டதால் கார்ன்வாலிஸுக்கு எதுவும் தெரியாது. அந்தப் படையோடு ஒரு பெரிய சந்தையே நடந்து வந்தது. தானியம், மாடு, துணி, எல்லாம் கிடைத்தன, விலைதான் பல மடங்கு. அந்தச் சந்தை அன்றைக்கு எதிரே வராவிட்டால் கார்ன்வாலிஸின் படை என்ன நிலையில் பெங்களூர் போய்ச் சேர்ந்திருக்கும் என்று யோசியுங்கள். என் கதையில் மராத்தியர் தார்வாட்டைச் சும்மாவே வாங்கிக்கொண்டு ஊரில் இருக்கிறார்கள், மேல்கோட்டைக்கு யாரும் வரவில்லை. பூனா கையெழுத்துப் போடாததால் நிஜாமும் பாதி மனசோடு எல்லையிலேயே நிற்கிறார். மீதியை நான் பெரிதாகக் கற்பனை செய்யவே வேண்டியிருக்கவில்லை.

கிருஷ்ணகிரி கோட்டையைப் பிடிக்கவே முடியலைன்னு எங்க தாத்தா சொல்வாரு. அப்புறம் எப்படி அவங்க கைக்குப் போச்சு?

தாத்தா சொன்னது சரி. 1767-ல் அடித்துப் பிடிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. முற்றுகை போட்டு மாதக்கணக்கில் காத்திருந்து, உள்ளே சாப்பாடு தீர்ந்த பிறகு 1768-ல்தான் கோட்டை பணிந்தது. அடுத்த வருஷமே சென்னை ஒப்பந்தத்தில் ஹைதருக்குத் திரும்பி வந்துவிட்டது.

1791-ல் நடந்ததுதான் பெரிய கதை. ஜூலையில் ஓசூரும் ராயக்கோட்டையும் விழுந்தன. அக்டோபர் கடைசியில் பென்னாகரம் போயிற்று. நவம்பரில் மேக்ஸ்வெல் ராத்திரியில் கிருஷ்ணகிரிக்கு வந்து, மலையடியில் இருந்த ஊரான பேட்டையைப் பிடித்து, கீழ்க்கோட்டையையும் பிடித்து, மேலே ஓடுகிறவர்கள் பின்னாலேயே ஏறி மேல்கோட்டைக்குள் புகுந்துவிடலாம் என்று பார்த்தார். கதவு மூடிவிட்டது. ஏணிகளோடு ஏறினார்கள். மேலே இருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள். சையத் பாஷா மலையில் கடைசிப் படிகள் இருக்கும் செங்குத்தான இடத்தை ஏறியவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு பாறை உருண்டால் ஒதுங்க இடமே கிடையாது. ஏணிகள் நொறுங்கின, ஆட்கள் விழுந்தார்கள், ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முயன்றுவிட்டு மேக்ஸ்வெல் இறங்கிவிட்டார்.

ஆகவே அந்தப் போரில் கிருஷ்ணகிரி மேல்கோட்டை விழவே இல்லை. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போட்ட கையெழுத்தில் பாரமகாலை மொத்தமாக எழுதிக்கொடுத்தபோது, தோற்காத கோட்டையும் அதோடு சேர்ந்து போனது. பாறை உருட்டிக் காத்தவர்களிடம் போய், கதவைத் திறந்து சாவியைக் கொடுங்கள் என்று சொல்லியிருப்பார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. கோட்டை எவ்வளவு பலமாக இருந்தாலும் அதன் கதி பூனாவிலும் ஹைதராபாத்திலும் தீர்மானமாகிவிட்டது.

ராக்கெட்டை விட்டுட்டீங்களே? திப்பு ராக்கெட்தான் உலகத்துக்கே முன்னோடியாச்சே?

முன்னோடிதான். இரும்புக் குழாயில் வெடிமருந்தை அடைத்ததால் மைசூர் ராக்கெட் அன்றைக்கு மற்றவர்கள் வைத்திருந்ததைவிட வெகுதூரம் போனது. இங்கிருந்து கொண்டுபோனதைப் பார்த்துத்தான் காங்கிரீவ் இங்கிலாந்தில் தன் ராக்கெட்டைச் செய்தார். ஆனால் அதே ராக்கெட்டுகள் 1792-லும் 1799-லும் இருந்தன, முடிவை மாற்றவில்லை. அதனால் கதையில் அதற்குச் சின்ன இடம்தான்.

பிரெஞ்சுக்காரங்க வந்து காப்பாத்துற மாதிரி வெச்சா இன்னும் நல்லா இருக்குமே?

அவர்களை நம்பியதுதான் மைசூருக்கு நேர்ந்த பெரிய கஷ்டம். 1783-ல் மங்களூர் முற்றுகையில் திப்புவோடு நின்ற பிரெஞ்சுப் படை, ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்று சேதி வந்ததும் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டது. 1788-ல் பதினாறாம் லூயியிடம் போன தூதர்கள் மரியாதையோடு திரும்பினார்கள், படையோடு திரும்பவில்லை. அடுத்த வருஷம் அங்கே புரட்சி. 1798-ல் நெப்போலியன் எகிப்து வரை வந்தார், ஆகஸ்ட் 1-ல் நைல் முகத்துவாரத்தில் அவர் கப்பல்கள் எரிந்தன. கடல் ஆங்கிலேயர் கையில் இருக்கும்வரை பிரெஞ்சு உதவி என்பது கடிதத்தோடு சரி. என் கதையிலும் அவர்கள் வரமாட்டார்கள்.

1780-ல கூட்டணி நம்ம பக்கம்தானே இருந்தது? போலிலூர்ல ஜெயிச்சதும் ஹைதர் நேரா மெட்ராஸ் போயிருந்தா?

இது நல்ல கேள்வி, இதை வைத்து யாராவது தனியாக எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன். 1780 செப்டம்பர் 10-ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் போலிலூரில் கம்பெனித் தளபதி பெய்லியின் படை மொத்தமாக அழிந்தது. பக்கத்திலேயே இருந்த ஹெக்டர் மன்றோ தன் பீரங்கிகளைக் காஞ்சிபுரம் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார். அன்றைக்குத் துரத்தியிருந்தால் என்று எல்லோருக்கும் தோன்றும்.

ஆனால் அந்தக் கூட்டணி உள்ளுக்குள் அப்போதே விரிசல் விட்டிருந்தது. கம்பெனி குண்டூரைத் திருப்பிக் கொடுத்ததும் நிஜாம் அடங்கிவிட்டார். மராத்தியத் தலைவர்களில் ஒருவரான நாக்பூர் போன்ஸ்லேவுக்குப் பணம் போயிற்று. அப்போதைய கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஒவ்வொருவராகக் கழற்றினார், கடைசியில் 1782 மே மாதம் சால்பாயில் மராத்தியரும் சமாதானமாகிவிட்டார்கள். டிசம்பர் 7-ல் சித்தூர் பக்கத்தில் பாசறையில் ஹைதர் நோயில் இறந்தார், அதை என் விதிப்படி மாற்ற முடியாது. இதை ஜெயிக்கவைக்க வேண்டுமென்றால் மூன்று நான்கு பேரின் முடிவை மாற்ற வேண்டும். 1790-ல் ஒன்று போதும்.

உங்க கதையில மைசூர் இந்தியா முழுக்கப் பிடிச்சிடுமா?

இல்லை. அப்படி எழுதினால் அது ஆசை, வரலாறு இல்லை. 1791 கடைசியில் மங்களூர் ஒப்பந்தம் மாதிரி ஒரு சமாதானம் வருகிறது. திருவிதாங்கூர் மதிலுக்கு அப்பால் திப்பு கால் வைக்கக் கூடாது. மலபார் கம்பெனியோடு போகிறது, ஏனென்றால் பம்பாய்ப் படை அதை 1790 முடிவதற்குள் பிடித்துவிட்டது, அங்கே நாயர்கள் திப்புவுக்கு எதிராகவே நின்றார்கள். துங்கபத்திரைக்கு வடக்கே மராத்தியரிடம் போய்விட்டது. ஆக, மைசூர் சுருங்கத்தான் செய்கிறது. ஆனால் பாரமகால், திண்டுக்கல், கஜானா, பிள்ளைகள் எல்லாம் அதனிடம் இருக்கின்றன.

வித்தியாசம் 1798-ல் வெல்லஸ்லி கவர்னர் ஜெனரலாக வந்த பிறகுதான் தெரிகிறது. நிஜத்தில், 1799-ல் ஜெனரல் ஹாரிஸ் வேலூரிலிருந்து கிளம்பி, பாரமகால் முழுக்கத் தன் சொந்த நிலமாக நடந்து, ராயக்கோட்டை வரை ஒரு குண்டு சுடாமல் வந்து சேர்ந்தார். மார்ச் முதல் வாரம் எல்லை தாண்டினார், மே 4-ல் திப்பு இறந்துகிடந்தார். இரண்டே மாதம். என் கதையில் ஹாரிஸுக்குக் கிருஷ்ணகிரி எதிரி, ராயக்கோட்டை எதிரி, தானியம் கொண்டுவரும் லம்பாடிகளுக்கு வழி இல்லை. மழைக்கு முன்னால் அவரால் ஸ்ரீரங்கப்பட்டணம் போய்ச் சேர முடியாது.

மராத்தியர் வீழ்ச்சியை மட்டும் இது தடுக்காது. மராத்தியத் தளபதி மகாத்ஜி சிந்தியா 1794-ல் இறக்கிறார், இளைய பேஷ்வா சவாய் மாதவராவ் 1795-ல் இறக்கிறார், நானா 1800-ல் இறக்கிறார். பூனா தானாகவே உள்ளுக்குள் உடைகிறது. அதனால் என் மைசூர் 1805 வாக்கில் தனியாகத்தான் நிற்கிறது. அங்கே கதையை நிறுத்திவிடுகிறேன், அதற்கு மேல் நீட்டினால் என்னாலேயே நம்ப முடியவில்லை.

மன்றோ தர்மபுரிக்கு வரலேன்னா ரயத்துவாரியே வந்திருக்காதா?

நிஜத்தில் 1792-ல் பாரமகால் கைக்கு வந்ததும் கம்பெனி அலெக்சாண்டர் ரீடை இங்கே அனுப்பியது. அவருக்கு உதவியாக தாமஸ் மன்றோ (மேலே வந்த ஹெக்டர் மன்றோ வேறு ஆள்), மெக்லியாட், கிரஹாம். மூவரும் ராணுவ ஆட்கள். நம் மொழி பேசத் தெரிந்தவர்கள் என்பதால் வரி வசூலுக்கு வந்தார்கள். மன்றோ 1799 வரை பெரும்பாலும் தர்மபுரியில் இருந்தார். வயல் வயலாக அளந்து, நடுவில் ஜமீன் இல்லாமல் குடியானவரிடமே வரியைப் பேசுகிற ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. அவர் 1820-ல் சென்னை கவர்னரான பிறகு மாகாணம் முழுக்கப் பரவியது. நம் மாவட்டத்து வயல்களில் பழகிய கணக்கு கடைசியில் மாகாணத்துக்கே கணக்கானது என்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் நடுவில் ஜமீன் இல்லாமல், அமில்தார் என்ற அரசு வரி அதிகாரி மூலம் நேரே வசூலிப்பது ஹைதர், திப்பு காலத்திலேயே இங்கே இருந்தது. அதனால் என் கதையில் இங்குள்ள குடியானவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, வரிச்சுமையும் குறையாது. வித்தியாசம் மற்ற மாவட்டங்களுக்குத்தான்; தஞ்சாவூரிலோ பெல்லாரியிலோ ரயத்துவாரிக்குப் பதில் வங்காளம் மாதிரி ஜமீன் முறை நிலைத்திருக்கலாம். இங்கேயே ரீட் போன பிறகு சேலம் ஜில்லாவை மிட்டா எனப்பட்ட சின்னச் சின்ன ஜமீன்களாகப் பிரித்து ஏலம் விட்டார்களே, அந்த மிட்டாதார் கதை நம் பெரியவர்களுக்குத் தெரியும். என் கதையில் பாரமகாலில் மிட்டாக்கள் வரவே வராது. இன்னொன்று, பட்டு. திப்பு மைசூரில் வளர்க்கப் பார்த்த பட்டுப்புழு வளர்ப்பு இன்று தர்மபுரி, ஓசூர்ப் பக்கத்துக்குச் சோறு போடுகிறது. பாரமகால் பிரியாமல் இருந்திருந்தால் மல்பெரித் தோட்டம் நமக்கு முன்னாலேயே வந்திருக்கும் என்று எழுதியிருக்கிறேன், அது என் ஊகம்தான்.

அப்படின்னா நாமெல்லாம் இப்ப கர்நாடகாவுல இருந்திருப்போமா?

1790-க்கும், மொழிவாரி மாநிலங்கள் பிரிந்த 1956-க்கும் நடுவில் 166 வருஷம். ஒரு முடிவை மாற்றிவிட்டு அவ்வளவு தூரம் கோடு இழுக்க முடியாது. ஆனாலும் விடாமல் கேட்கிறார்கள், அதனால் என் கருத்தைச் சொல்கிறேன். யார் ஆண்டார்கள் என்பதை வைத்து மட்டும் 1956-ல் எல்லை போடவில்லை. கொள்ளேகால் 1799-லிருந்து கம்பெனியிடம், பிறகு கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1956-ல் மைசூருக்குப் போனது, காரணம் அங்கே பேசும் மொழி. ஓசூர்ப் பக்கமோ, 1791 போரில் விழுந்ததைத் தவிர, 1799 வரை மைசூரிடம் இருந்தது, தெலுங்கும் கன்னடமும் நிறையப் பேசுகிற இடம், ஆனாலும் இங்கேயே இருக்கிறது. 1792 முதல் 1799 வரை ராயக்கோட்டைக்கு மேலே வேறு நாடு, கீழே வேறு நாடு. இன்று அந்த வழியில் பஸ்ஸில் போகிறவருக்கு அப்படி ஒரு கோடு இருந்ததே தெரியாது. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் தமிழ் பேசும் ஊர்கள், எந்த ராஜாவிடம் இருந்திருந்தாலும் கடைசியில் மொழியை வைத்துத்தான் வாதம் நடந்திருக்கும் என்று நம்புகிறேன்.

திப்புவை நல்லவரா காட்டத்தானே இவ்வளவும் எழுதுறீங்க?

இல்லை. குடகிலும் மலபாரிலும் அவர் படை செய்ததை, ஆயிரக்கணக்கான பேரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பிடித்துப்போனதை நான் மறைக்கவில்லை. மலபார் அவர் கையை விட்டு அவ்வளவு வேகமாகப் போனதற்கு அதுவே காரணம், கதையிலும் அப்படியேதான் இருக்கிறது. 1791-ல் மராத்தியப் படையோடு வந்தவர்கள் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது மடத்துக்குப் பணமும் பொருளும் அனுப்பியவரும் அதே திப்பு, அவர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. இரண்டும் நடந்தவை. ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க நான் தயாரில்லை, எந்தப் பக்கத்திலிருந்து கோபம் வந்தாலும் சரி.

எனக்கு இந்தக் காலமே வேண்டாம். அதியமானை வெச்சு இப்படி எழுத முடியுமா?

தாராளமாக எழுதுங்கள், தர்மபுரிக்காரர்கள் எழுதாமல் வேறு யார் எழுதுவது? கூட்டணிக் கணக்கு அங்கேயும் இருக்கிறது. தகடூர் அதியமானையும் அவனோடு சேர்ந்த இரண்டு பெருவேந்தர்களையும் ஒருசேர வென்று பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்தான் என்று பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் சொல்கிறது. அந்த இருவர் சோழனும் பாண்டியனும்தான். வளர்கிற சேரனுக்கு எதிராகப் பக்கத்து நாடுகள் ஒன்றுசேர்ந்தும் தோற்ற கதை அது, நான் எழுதுவதற்கு நேர் எதிர்.

கஷ்டம் என்னவென்றால் அங்கே தேதி கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, பாட்டுதான் ஆதாரம். அதனால் போரை மாற்றாதீர்கள், தூதை மாற்றுங்கள். தொண்டைமானிடம் அதியமானின் தூதாக ஔவையார் போனது புறநானூற்றில் 95-ஆம் பாட்டு. பளபளவென்று எண்ணெய் பூசி அடுக்கிவைத்த தொண்டைமானின் ஆயுதங்களையும், சண்டையில் நுனி ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் அதியமானின் வேல்களையும் சொல்லிப் பேசுகிறார். அதே ஔவை தகடூர் முற்றுகைக்கு முன்னால் சேரனிடமே தூது போயிருந்தால் என்ன பேசியிருப்பார் என்பதிலிருந்து தொடங்குங்கள். முதல் அத்தியாயம் முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள்.